அடைப்பு காற்றிலா, அச்சிலா?

வாக்குவம் கிளீனர் நின்றுபோனால் வீட்டில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மோட்டார் ஜாம் ஆகிவிட்டது. பாலக்காட்டுக் கிழக்கில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் ஊர்களானாலும், இடுக்கியில் மறையூர், மூணாறு, குமுளி போன்ற மலையூர்களானாலும், இந்த ஒரு வரியோடுதான் மெஷின் வைண்டிங் கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போகிறது. புது மோட்டாருக்கு விலை கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். மெஷின் பரணுக்குப் போகிறது. பிறகு பழைய சாமான்காரருக்கு. அந்த ஒரு வரிக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் காற்று நிற்கிறது, மோட்டார் ஓடுகிறது. மற்றதில் மோட்டாரின் அச்சே நிற்கிறது. இரண்டுக்கும் சத்தம் வேறு, மின்னோட்டம் வேறு, வைத்தியமும் வேறு. முதல் நோயைக் கவனிக்காமல் விடும்போதுதான் இரண்டாவது வருகிறது. ஆகவே மோட்டாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் காற்றின் பாதையைச் சோதித்தாக வேண்டும். அந்தக் காற்று எந்த ஊர்க் காற்று என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மெஷினின் உள்ளமைப்பு எளிது. முன்னே ஹோஸ் பைப், அடுத்து தூசிப் பை அல்லது டப்பா, அதன் பின் ஃபில்டர், அதற்கும் பின்னால் சிறிய மோட்டாரும் அதன் அச்சில் மாட்டிய விசிறியும். வீட்டு மாடல்கள் பெரும்பாலானவற்றில் விசிறி இழுத்த காற்று மோட்டாரின் ஊடாகவே போய்ப் பின்பக்கத் துளைகள் வழியே வெளியேறும். மோட்டார், மிக்ஸியில் இருக்கும் அதே இனம்: காயிலும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்து, கார்பன் துண்டுகள் வழியே மின்சாரம் வாங்கி ஓடும் யுனிவர்சல் மோட்டார். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்பது இதற்குச் சாதாரணம். அதாவது நொடிக்கு 500 சுற்று. விசிறியின் குறுக்களவு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 565 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. இந்த வேகத்தில் விசிறி காற்றை வெளிப்புறமாகத் தள்ளுவதால் நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அங்கே பாய்ந்து வருகிறது. வரும் வழியில் தரையின் தூசியைத் தூக்கி வருகிறது. நல்ல மெஷினின் வாயை முழுக்க அடைத்தால் உள்ளே அழுத்தம் 20 கிலோபாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். ஆனால் அழுத்தக் குறைவு மட்டும் தூசியைத் தூக்கிவிடாது. காற்று ஓட வேண்டும். தூசியைச் சுமப்பதும் ஓடும் காற்றுதான், மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான். சிக்கலின் வேர் இந்த இரட்டைப் பொறுப்பில் இருக்கிறது.

காற்றின் வழி அடைத்துக்கொண்டதும் மெஷின் கீச்சென்று அலறத் தொடங்கும். சுமை கூடிவிட்டது, மோட்டார் திணறுகிறது என்று கேட்பவருக்குத் தோன்றும். நடப்பது நேரெதிர். விசிறிக்கு எவ்வளவு வேலை என்பது அது நகர்த்தும் காற்றின் அளவைப் பொறுத்தது. காற்றே வராதபோது நகர்த்த என்ன இருக்கிறது? உள்ளே சிக்கிய கொஞ்சம் காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சித்தூர்ப் பக்கம் தோட்டமும் கிணறும் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி: ஃபுட்வால்வு அடைத்துத் தண்ணீர் ஏறாமல் போனால் பம்ப் ஓடிக்கொண்டேயிருக்கும், ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ப்ஸ் மீட்டரின் முள் மட்டும் இறங்கி நிற்கும். வாக்குவம் கிளீனரின் விசிறியும் அந்தப் பம்ப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. வித்தியாசம் மோட்டாரில்தான். பம்ப் மோட்டார் சுமை குறைந்தாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும். யுனிவர்சல் மோட்டார் சுமை குறைந்ததும் வேகம் எடுக்கும். வேகம் ஏற ஏற ஆர்மேச்சருக்குள் எதிர் மின்னழுத்தம் வளர்ந்து, உள்ளே வரும் மின்னோட்டத்தைக் குறைக்கும். அலறல் அந்தக் கூடுதல் வேகத்தின் சத்தம். 1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சாதாரணமாக 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். ஹோஸ் பைப்பின் வாயை உள்ளங்கையால் ஓரிரு நொடி மூடினால் ஆம்பியர் இறங்குவதை எலெக்ட்ரீஷியனின் டாங் டெஸ்டர் காட்டிவிடும். டெஸ்டரின் வாய்க்குள் ஒற்றைக் கம்பி மட்டும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. முழு வயரையும் உள்ளே விட்டால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பூஜ்யம்தான் தெரியும்.

மின்னோட்டம் குறைகிறதென்றால் மோட்டார் ஏன் சூடேறிச் சாகிறது? நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்கு விடை சொல்லும். மெஷின் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி, ஓடும் காற்றோடுதான் வெளியேற வேண்டும். நொடிக்கு 30 லிட்டர் காற்று ஓடினால் அதன் எடை ஏறக்குறைய 35 கிராம். அதனிடம் 1,200 வாட் வெப்பத்தைக் கொடுத்தால் அதன் வெப்பநிலை சுமார் 35 டிகிரி உயரும். அடைப்பினால் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, மோட்டார் எடுப்பது 800 வாட்டாகக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். வெப்பம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, அதைச் சுமக்கும் காற்றோ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. இப்போது காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 70 டிகிரி உயரும். அறைக்குள் 40 டிகிரி இருந்தால் வெளியேறும் காற்றே 110 டிகிரியை எட்டும். செம்புச் சுருள் அதைவிடச் சூடாக இருக்கும். வெப்பம் உண்டாவது குறைவதைவிட வேகமாக வெப்பம் வெளியேறுவது குறைகிறது. மோட்டாரைக் கொல்வது அதுதான்.

இந்த நிலை வரும் என்று தெரிந்தே பல மெஷின்களில் சுருளை ஒட்டி ஒரு வெப்பக் கட்-அவுட் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு அது. குறித்த சூடு வந்ததும் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். இருபது நிமிடம் ஓடிச் சட்டென்று நின்று, ஒரு மணி நேரம் கழித்துத் தானாக ஓடுகிற மெஷினுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதில் மோட்டார் ஜாம் ஆகவில்லை; மோட்டாரைக் காப்பாற்றும் உறுப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆறியதும் ஓடுகிறதே, சரியாகிவிட்டது என்று அப்படியே தொடர்வதில்தான் ஆபத்து. செம்புக் கம்பி மேல் பூசிய எனாமலுக்கு ஆயுள் உண்டு. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்த ஆயுள் பாதியாகும் என்பது 1930 முதல் மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராய விதி. 20 டிகிரி கூடினால் ஆயுள் கால் பங்கு. கட்-அவுட் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் காயில் தன் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது. ஒரு நாள் சுருளுக்குள் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கருகும். அன்றைக்கு எல்லாரும் காயிலைக் குறை சொல்வார்கள். ஆறு மாதமாக அடைத்துக் கிடந்த ஃபில்டரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது நோய் அச்சில் வருவது. பேரிங் துருப்பிடித்து இறுகலாம், விசிறிக்கும் அதன் மூடிக்கும் இடையே ஏதாவது சிக்கலாம், ஆர்மேச்சர் உரசலாம். அச்சு திரும்பாதபோது எதிர் மின்னழுத்தம் இல்லை. ஆகவே மின்னோட்டம் சாதாரண அளவைப்போலப் பல மடங்கு பாயும், காற்றும் நின்றிருக்கும். அலறல் இருக்காது, கனத்த உறுமல், கருகும் வாடை, உடனே ஃப்யூஸ் அல்லது எம்சிபி விழுவது. மிக்ஸி ஜாரில் பிளேடு சிக்கும்போது நடப்பது இதுதான்; மிக்ஸியின் அடியிலுள்ள சிவப்பு ஓவர்லோடு பொத்தான் தெறிப்பதும் இதனால்தான். அடுக்களையில் தினமும் பார்த்த அந்த அனுபவத்தை அப்படியே வாக்குவம் கிளீனருக்குப் பொருத்திவிடுவதால்தான் எந்த அடைப்பும் மோட்டாரை இறுக்குகிறது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மோட்டார் ஒரே இனமானாலும் சுமை வேறு. பிளேடுக்கு எதிரே தேங்காயும் அரிசியும் நிற்கின்றன. விசிறிக்கு எதிரே காற்று மட்டுமே. அலறினால் காற்றில் அடைப்பு, உறுமினால் அச்சில் அடைப்பு, மௌனமாக இருந்தால் மின்சாரம் வந்து சேரவில்லை. இந்த மூன்றையும் காதாலேயே பிரிக்கலாம்.

முதல் நோய் இரண்டாவதாக முற்றுகிற வழியையும் பார்க்க வேண்டும். ஃபில்டர் கிழிந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால், அல்லது ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால், மெல்லிய தூசி விசிறிக்கே போய்ச் சேரும். ஈரம் சேர்ந்தால் அது இறக்கைகளில் ஒட்டும். எல்லா இறக்கையிலும் சமமாக ஒட்டாது. ஒரு பக்கத்தின் விளிம்பில் பத்தில் ஒரு கிராம் கூடுதலாக ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். நொடிக்கு 500 சுற்றில் அந்தத் துணுக்கு அச்சை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு ஒரு திசையில் நிற்பதில்லை; அச்சோடு சேர்ந்து நொடிக்கு 500 தரம் சுற்றிவந்து பேரிங்கை எல்லாப் பக்கமும் உலுக்குகிறது. கிரீஸ் வெளியேறும், குண்டுகள் தேயும், அந்த இடைவெளியில் மேலும் தூசி புகும். கேட்கும் சத்தம் அலறலிலிருந்து கரகரப்பாக மாறும். அடுத்த கட்டம் இறுக்கம். அச்சு அடைபட்ட மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், கதை காற்றுப் பாதையில் தொடங்கியிருப்பதைப் பல சமயம் விசிறியின் மேல் படிந்த அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

இனி ஊர்க் காற்றுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்தில் திறந்துகிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கு ஈடான வாசல் வேறில்லை. பனிக்காலத்தில் இதன் வழியே தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்று கிழக்கிலிருந்து வேகமாக வீசுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பித்தான். கேரளத்திலேயே கரிசல் மண் இருப்பது சித்தூர் வட்டாரத்தில்தான். கரிசல் என்பது களிமண் மிகுந்த மண். களித் துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. சாதாரணத் துணிப் பையின் கண்கள் வழியே இது ஓரளவு நழுவும். நழுவாதது துணியின் கண்களைப் பொடியாக நிரப்பி மூடும். பை பாதிகூட நிறையாமல் இழுவை போய்விடுவது இதனால்தான். பையின் எடையை வைத்து அடைப்பை அளக்கவே முடியாது. இதோடு வெயிலும் சேர்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டி, இந்திய வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. மேலே போட்ட கணக்கு அத்தகைய நாளுக்கானதுதான். மெல்லிய வறண்ட தூசி, சூடான அறைக் காற்று: பாலக்காட்டுப் பக்கத்தில் மோட்டாருக்கு எதிரி வெப்பம்.

மலைக்கு ஏறினால் நிலைமை மாறுகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மூணாற்றில் 20 டிகிரியில் இருக்கும் காற்று, பாலக்காட்டில் 35 டிகிரியில் இருப்பதைவிட நூற்றுக்கு 11, 12 பங்கு லேசு. காற்று லேசானால் குளிர்விக்கும் திறன் குறையுமே, மலையில் மோட்டார் சீக்கிரம் சூடாகாதா என்று கேட்கலாம். ஆகாது. காற்று லேசான அளவுக்கு விசிறியின் சுமையும் குறைகிறது. உண்டாகும் வெப்பமும் அதே விகிதத்தில் குறைவதால் வெப்பநிலை உயர்வு ஏறக்குறைய அதேதான். அறை 15, 20 டிகிரி குளிர்ச்சி என்பது மோட்டாருக்கு லாபம். நஷ்டம் இரண்டு இடத்தில். லேசான காற்று தூசியைத் தூக்கும் பலம் சற்றுக் குறைந்தது, ஆகவே ஹோஸ் பைப்பின் வளைவுகளில் அழுக்கு தங்கிவிடும். அதைவிடப் பெரிது ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மறையூர் போன்ற மழைமறைவுப் பகுதிகள் நீங்கலாக, இடுக்கியின் மேட்டு ஊர்களில் துவைத்த துணியே காயாது. கழுவிய ஃபில்டர் எப்படிக் காயும்? கம்பெனிக் கையேடு ஒரு நாள் காயவைத்து மாட்டச் சொல்லும். அந்த ஒரு நாள் மூணாற்று ஜூலைக்குப் பொருந்தாது. உள்மடிப்பில் ஈரத்தோடு மாட்டிய ஃபில்டரில் தூசி சேறாகக் கெட்டிப்பட்டு வழியை அடைக்கும். ஈரக்காற்று பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பையில் பூஞ்சை பிடிக்கும். இடுக்கிப் பக்கத்தில் மோட்டாருக்கு எதிரி ஈரம்.

ஆனால் ஈரம் எல்லா உறுப்புக்கும் பகை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கார்பன் துண்டு செம்புக் கம்யூட்டேட்டரின் மேல் வழுக்கி ஓடுவதற்குக் காற்றிலுள்ள கொஞ்சம் நீராவி அவசியம். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில் கார்பன் துண்டுகள் சில மணி நேரத்திலேயே பொடியாயின. உயர வானத்தில் நீராவி ஏறக்குறைய இல்லாததே காரணம் என்று பிறகு நிறுவினார்கள். நம் ஊர்க் காற்று எந்தப் பருவத்திலும் அவ்வளவு வறண்டதல்ல. ஆகவே இங்கே கார்பன் தேய்வது பெரும்பாலும் வயதினாலும், தூசி புகுந்து அது தன் கூட்டில் சிக்கிக்கொள்வதாலும்தான். ஒரு மெஷினின் சாவுக்கு ஊரைக் காரணம் காட்டும்போதும் எந்த உறுப்பு, எந்த வழியில் என்று பிரித்துச் சொன்னால்தான் அது விளக்கம் ஆகும்.

ஃபில்டரைச் சரியாக வடிவமைத்தால் அடைப்பே வராதே என்று கேட்கலாம். இந்த மெஷினின் பிறப்பிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். உணவகத்து நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறியது, கைக்குட்டையின் அடியில் அழுக்கு படிந்திருந்தது. காற்றை விட்டுத் தூசியைப் பிடிக்கும் துணிதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். 1908இல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட துப்புரவுத் தொழிலாளி ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர், தலையணை உறையைத் தூசிப் பையாகக் கட்டிச் செய்த மின்சாரக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கித்தான் ஹூவர் நிறுவனம் வளர்ந்தது. இந்தியாவில் 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் யூரோகிளீனை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றது. நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. தூசியைப் பிடிக்கும் எந்தத் துணியும் பிடித்த தூசியால் அடைபட்டே தீரும். பிடிப்பதும் அடைவதும் ஒரே செயல். மிக நுண்ணிய ஹெப்பா ஃபில்டர் விரைவில் அடைவது அதன் குறையல்ல. தன் வேலையை அவ்வளவு கூர்மையாகச் செய்கிறது என்று பொருள். அடைப்பை ஒழிக்க முடியாது. எப்போது, எங்கே என்று அறிந்து நீக்க மட்டுமே முடியும்.

அறியும் வரிசை இதுதான். முதலில் பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். பிறகு ஹோஸ் பைப்பைக் கழற்றிவிட்டு, பையும் ஃபில்டரும் இருந்தபடியே, மெஷினின் வாய்க்கு முன்னால் கையை வைத்துச் சில நொடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுவை பலமாக இருந்தால் மெஷின் நலம். அடைப்பு ஹோஸ் பைப்பிலோ முன்கருவியிலோ இருக்கிறது. குழாயை நிமிர்த்திப் பிடித்து ஒரு கோலிக்குண்டை உள்ளே விட்டால் அது எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. முனை மழுங்கிய நீண்ட குச்சியால் மறுபக்கத்திலிருந்து தள்ளலாம்; கூரான கம்பி குழாயைக் கிழித்துவிடும். ஹோஸ் பைப் இல்லாமலும் இழுவை மெலிந்து அலறல் மட்டும் இருந்தால் பை, ஃபில்டர், பின்பக்கக் காற்றுத்துளை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பின்பக்கத் துளையில் இருக்கும் சிறு பஞ்சுத் தகட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. காற்று வெளியேற முடியாவிட்டால் உள்ளே வரவும் முடியாது. இதுவரை ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. காற்று சம்பந்தப்பட்ட அடைப்புகள் அனைத்தும் இந்தக் கட்டத்துக்குள் தெரிந்துவிடும்.

இதன் பிறகும் உறுமல் இருந்தாலோ சத்தமே இல்லாவிட்டாலோதான் மோட்டாரைத் திறக்கும் கேள்வி எழுகிறது. திறந்தவர் முதலில் செய்ய வேண்டியது விசிறியை விரலால் சுற்றிப் பார்ப்பது. நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்கும். மணல் அரைபடுவது போல விரலில் தட்டினால் பேரிங் மாற்ற வேண்டும். அசையவே மறுத்தால் விசிறிக்கும் மூடிக்கும் நடுவே சிக்கியிருப்பதை எடுத்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அச்சு நன்றாகச் சுற்றியும் மோட்டார் ஓடவில்லை என்றால் அடுத்தது கார்பன். துண்டு குட்டையாகி, பின்னாலுள்ள சுருள்வில் அதைச் செம்பின் மேல் அழுத்த முடியாத நிலையில் இருக்கலாம். அல்லது நீளம் இருந்தும் கருந்தூள் அடைத்துக் கூட்டுக்குள் நகராமல் நிற்கலாம். முதலாவதற்கு இரண்டு துண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். இரண்டாவதற்குச் சுத்தம் செய்தாலே போதும். காயிலையும் ஆர்மேச்சரையும் மீட்டர் வைத்துப் பார்ப்பது இவற்றுக்கெல்லாம் பிறகு. கார்பன் நகராத ஒரு மோட்டாரை ஆர்மேச்சர் போன மோட்டார் என்று தள்ளிவிடுவது, வரிசையை மாற்றிப் பார்ப்பதால் வரும் தவறு.

மின்சாரச் சாமானில் வீட்டார் கை வைப்பது ஆபத்து, மெக்கானிக்கிடம் விடுவதே சரி என்பது முதல் ஆட்சேபம். அதில் பாதி உண்மை. மோட்டாரைப் பிரிப்பது, வயரை மாற்றுவது, கட்-அவுட்டைத் தொடுவது ஆகியவை பழகியவர் வேலை. கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதை நேராக இணைத்துவிடுவது தீ விபத்துக்கு வழி. யார் செய்தாலும் தவறு. தண்ணீர் உறிஞ்சிய மெஷினையும், நனைந்த தரையில் நிற்கும் மெஷினையும் வீட்டார் ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஆனால் பை, ஃபில்டர், ஹோஸ் பைப் ஆகியவை பிளக் பிடுங்கிய நிலையில் கையால் கழற்றி மாட்டும்படியே செய்யப்பட்டவை. அவற்றைக் கவனிப்பது மெக்கானிக்கின் வேலையைப் பறிப்பதாகாது. அந்த வேலை வீட்டில் நடக்காததால்தான் மெக்கானிக்கிடம் தேவையில்லாத மோட்டார்கள் போய்ச் சேருகின்றன.

எல்லா மெஷினிலும் காற்று மோட்டார் வழியே போவதில்லையே என்பது இரண்டாவது ஆட்சேபம். சரியான ஆட்சேபம்தான். ஈரமும் உலர்வும் உறிஞ்சும் மாடல்களில் மோட்டாருக்குத் தனி விசிறியும் தனிக் காற்றுப் பாதையும் உண்டு. குழாய் அடைத்தாலும் மோட்டார் உடனே சூடாகாது. புதிய கம்பியில்லா மாடல்கள் பலவற்றில் கார்பனே கிடையாது. அடைப்பை மின்னணுச் சுற்று கண்டுபிடித்துத் தானே நிறுத்திவிடும். இவை வாதத்தின் எல்லையை வரைகின்றனவே தவிர, அதை உடைக்கவில்லை. தனிப் பாதை உள்ள மெஷினிலும் அந்தப் பாதையின் துளைகள் தூசியால் மூடினால் அதே கதைதான். கம்பியில்லா மெஷின் நின்றதும் பார்க்க வேண்டிய முதல் இடமும் ஃபில்டர்தான். எந்த மாடலானாலும் காற்று எந்த வழியே போகிறது என்று கண்டுகொள்வதே முதல் படி.

பழையதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாமே என்பது மூன்றாவது. மோட்டார் மாற்றும் செலவை வைத்துப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அடைப்பை நீக்கச் செலவே இல்லை. கார்பன் ஜோடியும் பேரிங்கும் புது மெஷின் விலையில் சிறு பங்கு. நோயைச் சரியாகப் பிரிக்காதவரை எல்லா நோய்க்கும் மோட்டார் விலைதான் மருந்துச் செலவாகத் தெரியும். மெஷினின் ஆயுள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் அளவுகோல் உண்டு. 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வாக்குவம் கிளீனரின் சக்தியை 900 வாட்டுக்குள் அடக்கியதோடு, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ஹோஸ் பைப் 40,000 முறை வளைந்தும் தாங்க வேண்டும் என்று விதித்தது. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டும் வீட்டில் 500 மணி நேரம் என்பது ஒன்பது ஆண்டுக்கு மேல். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்கள் அதன் பிரிவுகளில் ஒன்று. கையேடும் உதிரிபாகமும் கிடைப்பது நுகர்வோரின் உரிமை என்ற எண்ணம் வேரூன்ற வேண்டும். பரணில் ஏறும் ஒவ்வொரு மெஷினிலும் செம்பும் இரும்பும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. ஒரு துணி அடைத்ததற்காக அவற்றைக் குப்பையாக்குவது வீண்.

பழக்கம் மாற வேண்டிய இடங்கள் மூன்று. வீட்டில், ஃபில்டர் கவனிப்பு ஊருக்கேற்ப அமைய வேண்டும். பாலக்காட்டுக் கிழக்கில் வறண்ட காற்று வீசும் மாதங்களில் பை பாதி நிறையும் முன்பே தட்ட வேண்டும். கோடை மதியத்தில் ஒரே மூச்சாக ஓட்டாமல் இடைவெளி விட வேண்டும். இடுக்கியில் இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு, ஒன்று உள்மடிப்புவரை முழுக்கக் காயும்வரை மற்றதை மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் கழுவுவதைவிடத் தட்டித் துடைப்பது மேல். கடையில், மெஷினைப் பழுதுபார்க்க வாங்கும்போதே அலறியதா, உறுமியதா, மௌனமா, எவ்வளவு நேரம் ஓடி நின்றது என்ற விவரத்தைச் சீட்டில் எழுத வேண்டும். ஹோஸ் பைப்பையும் ஃபில்டரையும் கூடவே கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவை வீட்டிலிருக்க மெஷினை மட்டும் சோதித்தால், நோயை விட்டுவிட்டு நோயாளியைப் பார்த்ததாகிவிடும். மூன்றாவது இடம் பயிற்சிக்கூடம். மலம்புழையிலும் கட்டப்பனையிலும் அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன. மோட்டார் பாடத்தில் காயில் சுற்றுவதோடு, மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றையும் அளக்கக் கற்றுத்தரலாம். பம்ப் மோட்டாரில் ஆம்ப்ஸ் இறங்குவதைப் பார்த்துத் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லத் தெரிந்த ஊருக்கு, வாக்குவம் கிளீனரில் ஆம்ப்ஸ் இறங்கினால் காற்று வரவில்லை என்று சொல்வது புதிய வித்தை அல்ல. அறிவு ஏற்கெனவே இருக்கிறது. மோட்டாருக்கு விலை கேட்பதற்கு முன் அதைப் பயன்படுத்தினால் போதும்.